தமிழில் இன்னும் கதவு திறக்கவில்லை

நான் துணி தேய்க்கும் வண்டி ஒரு வாசகசாலைக்கு நேர் எதிரே நிற்கிறது. திருவனந்தபுரத்தில் எந்தப் பக்கம் போனாலும் இப்படி ஒன்று இருக்கும். ஓட்டுக் கட்டிடம், முன்னால் கொடிக்கம்பம், பத்திரிகை படிக்க நீள மேசை, சுவர் நிறையப் பெரியவர்களின் படம். மலையாளத்தில் கிரந்தசாலை என்பார்கள். அதன் மதிலுக்கு வெளியே கிளை நீட்டியிருக்கும் மாமரம்தான் என் வண்டிக்கு நிழல். வாசகசாலையால் எனக்கு நெடுநாளாகக் கிடைத்து வந்த பயன் அது ஒன்றுதான்.

இத்தனை வருஷத்தில் நான் படியேறி உள்ளே போனதெல்லாம் செக்ரட்டரியின் சட்டைகளைக் கொடுக்கத்தான். கொடுத்த கையோடு இறங்கிவிடுவேன். புத்தகங்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. உள்ளே பத்திரிகை படிக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்களே, அதுதான். எனக்கு ஆட்கள் நிமிர்ந்து பார்த்தால் ஆகாது. துணி வாங்கும்போது "எப்போ வேணும்?", கொடுக்கும்போது "சரி". என் தொழிலுக்கு இவ்வளவு பேச்சு போதும். அதனால்தான் நான் இந்தத் தொழிலில் நிலைத்தேன் என்று என் மனைவி சொல்வாள். மிச்சப் பேச்சை எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

அவள் இந்த ஊரிலேயே பிறந்த தமிழச்சி. வாய் திறந்தால் தமிழ், நடுநடுவே மலையாளம். படித்தது முழுக்க மலையாளப் பள்ளிக்கூடம். தமிழில் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் எங்கள் வீட்டில் புத்தகத்தோடு சம்பந்தம் உள்ளவள் அவள்தான். வாசகசாலைப் புத்தகங்களைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்குக் கொடுத்து வாங்கும் வேலை பார்க்கிறாள். பிள்ளைகள் இரண்டு பேரும் மலையாளத்தில் படித்து, இங்கிலீஷில் வேலை தேடுகிறார்கள். ஆக, வீட்டில் தமிழ் எழுத்து தெரிந்தவன் நான் ஒருவன். அதுவும் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன எழுத்து.

செக்ரட்டரி ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வாசகசாலையையும் ஒரு பஸ் என்றேதான் நினைக்கிறார். கூட்டத்துக்கு ஆட்கள் வந்து வாசலிலேயே நின்றால், "முன்னாலே நீங்கி நில்லு, உள்ளே ஃபுட்பால் களிக்க இடமுண்டு" என்று சத்தம் போடுவார். பழைய இரும்புக் கடையில் கிடந்த ஒரு பஸ் மணியைத் தேடிப் பிடித்து, கயிறோடு ஹாலின் விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். யாராவது பேச்சை நீட்டினால் கயிற்றை இழுப்பார். ஒற்றை மணி என்றால் நிறுத்து. இரட்டை மணி என்றால் போகலாம். அந்த மணிக்கு அடங்காதவர் யாருமில்லை. ஒருமுறை வார்டு கவுன்சிலரே பாதி வாக்கியத்தில் மேடையை விட்டு இறங்கியதை நான் வண்டியிலிருந்து பார்த்தேன்.

சுதந்திர தினம் அங்கே வருஷா வருஷம் நடக்கும். கொடியேற்றுவார்கள், பிள்ளைகளுக்குப் படம் வரையும் போட்டி, பெரியவர்களுக்கு வினாடி வினா, எல்லாருக்கும் பாயசம். அந்த வருஷம் செக்ரட்டரிக்குப் புதிதாக ஒரு யோசனை வந்தது. சுதந்திரம் கிடைத்த கதையை முதலிலிருந்து கடைசிவரை ஒரே நாளில் சத்தமாக வாசித்து முடிப்பது. ஒருவர் ஒரு பக்கம் வாசித்து இறங்க, அடுத்தவர் ஏறி அடுத்த பக்கம். அதற்கென்று சிறுவர்களுக்கு எழுதிய ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே புத்தகம் தமிழிலும் இந்தியிலும் இருந்தது. ஒரே அட்டை, ஒரே படங்கள்.

"நாட்டின் கதையல்லோ, ஒரே பாஷையில் வாசிச்சா எப்படி?" என்றாராம் கமிட்டியில். முக்கு சலூனில் முடிவெட்டும் பீகார்க்காரர் இந்தியில் ஒரு பக்கம் வாசிக்க ஒத்துக்கொண்டார். தமிழுக்கு ஆள் கிடைக்கவில்லை. கேட்ட தமிழ் வீடுகளில் எல்லாம் பிள்ளைகளுக்கு மலையாளம்தான் ஓடுகிறது. பெரியவர்களுக்கு லீவு நாளில் ஊருக்குப் போகணும்.

"தமிழ்ப் புத்தகத்தைச் சும்மா மேசையில் வச்சிரலாம், காட்சிக்கு" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

என் மனைவி அந்தக் கமிட்டியில் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவுதான், சொல்லத் தேவையில்லை.

மறுநாள் செக்ரட்டரி சட்டை வாங்க வந்தவர் கையில் புத்தகம் இருந்தது. "அண்ணாச்சி, பக்கம் எழுபத்து அஞ்சு" என்றார்.

"சாரே, எனக்கு..."

"ஒரு பக்கம் மதி, அவ்வளவு போதும். மலையாளத்தில் எழுபத்து நாலாவது பக்கம் நர்ஸ் சேச்சி வாசிக்கும். தமிழில் எழுபத்து அஞ்சு நீங்க. இந்தியில் எழுபத்து ஆறு நம்ம சலூன்காரர். ஒரே ரூட்டு, ஒரே ஸ்டாப்பு. வண்டி மாத்திரம் வேற." அந்தப் பக்கத்தில் ஒரு பழைய பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்து, புத்தகத்தை என் தேய்ப்பு மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்குப் போய், "என்ன வேல பண்ணி வச்சிருக்க?" என்று கேட்டேன்.

"பின்னே? மேசையில் கிடந்து வெயில் காயணுமா அந்தப் புத்தகம்? ஒரு பக்கம்தானே. கண்ணைப் பொத்திட்டு வாசிச்சிட்டு இறங்குங்க."

"கண்ணப் பொத்திட்டு எப்படி வாசிக்க?"

"அப்போ மனப்பாடம் பண்ணுங்க."

அவள் தமாஷாகச் சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன். ஒரு பக்கம்தான். மனப்பாடமாகிவிட்டால் வேகமாகச் சொல்லி முடித்து, யாரும் நிமிர்ந்து சரியாகப் பார்ப்பதற்குள் இறங்கிவிடலாம். அந்த ஹாலில் ஒருவரும் சிரிக்காமல் நான் கீழே இறங்கிவிட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

என் பக்கத்தின் மேல் பாதியில் ஒரு ரயில் படம். கீழே எழுத்து. பம்பாயில் பெரிய கூட்டம் முடிகிறது. விடிவதற்குள் போலீஸ் வந்து தலைவர்களைத் தூக்கத்திலேயே எழுப்புகிறது. ரயிலில் ஏற்றிக் கொண்டுபோய், ஒரு பழைய கோட்டைக்குள் விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். அதோடு பக்கம் முடிகிறது.

தண்ணீர் தெளிக்கும் பாட்டில் மேல் புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு தேய்ப்பேன். ஒரு மடிப்புக்கு ஒரு வரி. வேட்டி என்றால் நீளமான வரி, குழந்தைச் சட்டை என்றால் சின்ன வரி. சிரட்டைக்கரி கனன்று இஸ்திரிப் பெட்டி நன்றாகச் சூடேறியிருக்கும் காலை நேரத்தில் வாசிப்பும் நன்றாக ஓடும். 'கைதுசெய்யப்பட்டார்கள்' என்ற சொல்தான் படுத்திவிட்டது. துண்டு துண்டாகத்தான் வரும். ஒருநாள் அதையே சொல்லிக்கொண்டு ஒரு சேலையைத் தேய்த்து, மடித்து, பிரித்து, மறுபடி தேய்த்திருக்கிறேன். சேலைக்காரம்மா நின்று பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, அது தேய்ச்சதாணல்லோ" என்றார். நான் "சரி" என்றேன்.

வீட்டில் மனைவிக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவளுக்கு எழுத்து தெரியாவிட்டாலும் காது தெரியும்.

"இப்படி வாசிச்சா அவங்க ரயில்ல ஏறதுக்குள்ளே சுதந்திரம் கிட்டிரும், கேட்டோ."

"சும்மா இரு, விட்டுப் போயிரும்."

"போலீஸ் வாற இடத்துல கொஞ்சம் சத்தம் வேணும். நீங்க என்னமோ சோறு திங்க வந்த மாதிரி கூட்டிட்டு வாறீங்க."

கடைசியில் அந்தப் பக்கம் எனக்குத் தண்ணீராகப் பாய்ந்தது. அவளுக்கும் பாடமாகிவிட்டது. அடுப்படியில் தோசை திருப்பும்போது, "ரயில் மெல்ல நகர்ந்தது" என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள். ஆனால் அடுத்த பக்கத்தை நான் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்பக்கத்தையும் படிக்கவில்லை. பக்கத்து ஸ்டாப்பில் இறங்குகிறவன் பஸ் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பானா?

சுதந்திர தினத்தன்று காலையில் சாரல். கொடியேற்றும் நேரத்துக்கு மட்டும் மரியாதையாக ஒதுங்கி நின்றது. கொடி ஏறியதும் எல்லாரும் ஹாலுக்குள் போனோம். சுவரோரம் மேசை போட்டு, சரித்திரப் புத்தகங்களாகப் பரப்பி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் தரையில் படுத்துக் கொடிக்குப் பச்சை நிறம் தீட்டிக்கொண்டிருந்தன. பின்கட்டில் பெண்கள் பாயசத்துக்கு அடுப்பு மூட்டினார்கள். செக்ரட்டரி இரட்டை மணி அடித்தார். வெளியே கொடி பறந்துகொண்டிருக்க, உள்ளே வெள்ளைக்காரன் கப்பலில் வந்து இறங்கினான்.

ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். ஆட்டோ ஓட்டுகிறவர் ஒரு போரை வாசித்தார். பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி உப்புக் காய்ச்சியதை வாசித்தாள். மைக்கின் குழாய் வெளியே மாமரத்தில் கட்டியிருந்ததால் கதை தெருவெல்லாம் கேட்டது. நான் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். "முகத்தைப் பாக்கப் பயமா இருந்தா வேட்டியைப் பாருங்க" என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். நல்ல யோசனைதான். அங்கே உட்கார்ந்திருந்த வெள்ளை வேட்டியில் பாதி என் கைபட்டது. எல்லாம் தெரிந்த மடிப்புகள். பார்க்கப் பார்க்கக் கொஞ்சம் தைரியம் வந்தது.

பக்கத்தில் சலூன்காரர், மடியில் இந்திப் புத்தகத்தோடு. என்னைவிடச் சின்னவர், ஆனால் முகத்தில் என்னைப் போலவே ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கிறவனின் களை. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. இரண்டு பேருக்கும் தெரிந்த அரைகுறை மலையாளத்தில், "பேடியுண்டோ?" என்று கேட்டார். பயமா என்று கேட்கிறார். "உண்டு" என்றேன். "எனிக்கும்" என்றார்.

நர்ஸ் சேச்சி மேடையேறினார். ஓய்வுபெற்றவர். மாத்திரையை எண்ணிக் கையில் போடுவது மாதிரி ஒவ்வொரு சொல்லாகத் தெளிவாக வாசிப்பவர். எனக்கு எழுத்து தெரியாவிட்டாலும் மலையாளம் கேட்டால் புரியும். இவர் முடித்ததும் நான். பம்பாய்க் கூட்டம் எங்கே வரப்போகிறது என்று காதைக் கொடுத்துக் கேட்டேன்.

பம்பாய் வரவில்லை. யுத்தம் முடிந்தது என்று வாசித்தார் சேச்சி. கோட்டைக் கதவுகள் திறந்தன என்றார். தலைவர்கள் வெளியே வந்தார்கள், ஜனங்கள் ரயில்நிலையங்களில் மாலையோடு காத்திருந்தார்கள் என்றார். ஹாலில் ஒருவர் கைதட்டினார்.

நான் புத்தகத்தைத் திறந்தேன். பஸ் டிக்கெட் வைத்த பக்கம். ரயில் படம். என் புத்தகத்தில் தலைவர்கள் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். போலீஸ் இன்னும் வரவே இல்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தமிழ்ப் புத்தகத்தில் எழுத்து பெரியது. கதை மெதுவாக நகர்கிறது. பக்கத்தின் எண் ஒன்றாக இருந்தாலும் பக்கத்தில் நடப்பது ஒன்றில்லை. அட்டையும் படமும் ஒன்றாக இருந்ததால் யாரும் உள்ளே ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, நான் உட்பட.

சலூன்காரரின் தொடையைத் தட்டி, என் பக்கத்தைக் காட்டி, மேடையைக் காட்டினேன். அவர் புரிந்துகொண்டு தன் புத்தகத்தைப் பிரித்தார். அதில் எழுத்து கடுகு மாதிரி இருந்தது. அவர் பக்கத்தில் வேறொரு கோட்டை, மேலே பறக்கும் நம் கொடி, கீழே கடல் மாதிரி ஜனம். "கிட்டிப் போயி" என்றார் என்னைப் பார்த்து, பரிதாபமாக. அவருக்குச் சுதந்திரம் கிடைத்தாகிவிட்டது.

எதிர் ஓரத்தில் பாயசக் கரண்டியோடு நின்ற மனைவிக்கு ஜாடை காட்டினேன். புத்தகத்தைக் காட்டி, இல்லை என்று கையை ஆட்டினேன். அவள் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள், மேல் பட்டனைப் போடச் சொல்லி. நான் தலையை வேகமாக ஆட்டினேன். தண்ணீர் குடிக்கச் சொன்னாள். அதற்குள் ஒற்றை மணி, சேச்சி இறங்கினார். உடனே இரட்டை மணி.

"அடுத்தது நம்ம அண்ணாச்சி! தமிழ்!"

நல்ல கைதட்டல். மேடைக்குக் கொஞ்ச தூரம்தான், ஆனால் அதற்குள் இரண்டு யோசனை வந்தது. இந்தப் பக்கத்தை விட்டுவிட்டு, தாள்களைத் திருப்பி, சேச்சி விட்ட இடத்தைத் தேடி அங்கிருந்து வாசிக்கலாம். அதுதான் சரி. ஆனால் அந்த எழுத்தை நான் கண்ணாலும் பார்த்ததில்லை. எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி ஹால் முழுக்கச் சிரிப்பு வாங்க வேண்டும். அல்லது எனக்குத் தெரிந்த பக்கத்தை வேகமாகச் சொல்லி இறங்கிவிடலாம். தமிழை யார் அவ்வளவு கவனமாகக் கேட்கப்போகிறார்கள்?

தெரிந்ததையே வாசித்தேன்.

என் குரல் வெளியே மாமரத்திலிருந்து திரும்பி வந்தது. அது என் குரல் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. தெருவில் என் வண்டிக்கு அடியில் படுத்திருந்த நாய் எழுந்து வந்து வாசகசாலை வாசலில் நின்றது. பம்பாய்க் கூட்டம் நன்றாக நடந்தது. ராத்திரி ஆனது. போலீஸ் வந்த இடத்தில் மனைவி சொன்னபடி கொஞ்சம் சத்தம் கூட்டினேன்.

அங்கேதான் மாட்டினேன். இந்த ஊரில் தமிழ் புரியாதவர் யார்? சினிமா பார்த்துப் பழகிய காதுகள். முன்வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்து ஆளிடம், "பின்னேயும் பிடிச்சோ?" என்றார், மறுபடியும் பிடித்துவிட்டார்களா என்று. ஒருவர் கிளுக்கென்று சிரித்தார். பிறகு இன்னொருவர். செக்ரட்டரி கயிற்றைப் பிடித்தபடியே எழுந்து நின்றார்.

"அண்ணாச்சி, அவரை எல்லாம் இப்பத்தானே நம்ம சேச்சி விட்டது?"

ஹால் முழுக்கச் சிரித்தது. நான் எதற்குப் பயந்தேனோ, அது ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. வேட்டிகளைப் பார்த்தேன். வேட்டிகளும் குலுங்கிக்கொண்டிருந்தன. ஓடிவிடலாம் என்று பார்த்தால், வாசலில் நாய்.

"சாரே," என்றேன், மைக்கில். "சேச்சி விட்டது மலையாளத்துல. தமிழ்ல இன்னும் பிடிக்கவே இல்ல. இப்பத்தான் போலீஸ் வாசலுக்கு வருது."

மறுபடியும் சிரிப்பு. ஆனால் இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. சேச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். செக்ரட்டரி நெற்றியில் தட்டிக்கொண்டார். "ஒரே ரூட்டுதான்," என்றார், "தமிழ் வண்டி லேட்டு. சரி, போட்டெ." போகட்டும் என்று உட்கார்ந்தார்.

மிச்சப் பக்கம் தடங்கல் இல்லாமல் ஓடியது. 'கைதுசெய்யப்பட்டார்கள்' என்ற சொல் முழுசாக வந்தது. மனைவியின் உதடும் கூடவே அசைவதைப் பார்த்தேன். ரயில் மெல்ல நகர்ந்தது. கோட்டை வந்தது. கதவு சாத்தியாயிற்று. பக்கம் முடிந்தது. ஒற்றை மணி.

கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். இறங்கிவிடலாம். நான் நினைத்தது ஒரு பக்கம், வாசித்தாயிற்று. சிரிப்பும் வாங்கியாயிற்று, அதிலும் உயிர் போகவில்லை. சலூன்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

ஆனால் கால் வரவில்லை. நான் இப்போது இறங்கினால் அவர் போய்க் கொடியேற்றிவிடுவார். அதன் பிறகு மலையாளத்தில் மிச்சக் கதை போகும். எல்லாருக்கும் எல்லாம் சரியாக முடியும். என் பக்கத்தில் உள்ளே போனவர்கள் மட்டும் உள்ளேயே இருப்பார்கள். அந்த ஹாலில் அந்தப் புத்தகத்தைத் திருப்பி வாசிக்கக்கூடிய ஆள் வேறு யாரும் இல்லை. பிடித்து அடைத்தவன் நான். விட வேண்டியவனும் நான்தான் என்று பட்டது.

பக்கத்தைத் திருப்பினேன்.

ஒற்றை மணி இன்னொரு முறை அடித்தது. கேட்காதது மாதிரி, விரலை முதல் சொல்லின் கீழ் வைத்தேன். விரல் வைக்காமல் எனக்குப் புது எழுத்து ஓடாது. "த... தந்தி... தந்திக் கம்பிகள்" என்றேன். ஊர் ஊராக ஜனங்கள் தந்திக் கம்பியை அறுத்தார்கள். அது வருவதற்கே ஒரு வேட்டி தேய்த்துவிடலாம். 'தலைமறைவாக' என்பதில் நின்று, பின்னால் போய், மறுபடி ஏறினேன். ஹாலில் நாற்காலிகள் அசைந்தன.

பின்னாலிருந்து ஒரு குரல்: "அண்ணாச்சி, ஜாமீனாவது கிட்டுமா?"

"மிண்டாதே இரு," என்று அதட்டினார் சேச்சி, பேசாதே என்று. "ஆள் வாசிக்கட்டும்."

மனைவி கரண்டியை யாரிடமோ கொடுத்துவிட்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் அவளுக்கும் தெரியாது. வாயைக் கொஞ்சம் திறந்தபடி, மற்றவர்களைப் போலவே அடுத்தது என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பின்கட்டிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, பாயசம் ஆறுகிறது என்றாள்.

"உள்ளே கிடக்கறவங்களுக்குப் பாயசம் இல்லல்லோ," என்றார் செக்ரட்டரி. "நமக்கும் பின்னே மதி, அப்புறம் குடிக்கலாம்."

அதன் எதிர்ப் பக்கத்தின் அடிக்கு வந்தபோது யுத்தம் இன்னும் நடந்துகொண்டிருந்தது. நான் தாளின் ஓரத்தைப் பிடித்தபடி செக்ரட்டரியைப் பார்த்தேன். வேட்டியை இல்லை, முகத்தைத்தான் பார்த்தேன். திருப்பட்டுமா என்று வாயால் கேட்க வரவில்லை. அவரும் என்னைப் பார்த்தார். கை கயிற்றில்தான் இருந்தது. பஸ் கிளம்பிய பிறகு ஓடிவருகிற ஆளைப் படியிலிருந்து பார்த்துவிட்ட கண்டக்டர் மாதிரி, பெருமூச்சு விட்டார். பிறகு கயிற்றை இழுத்தார்.

இரட்டை மணி.

ஹால் கைதட்டியது. நான் திருப்பினேன். அதற்குப் பிறகு அவசரம் இல்லை. விரல் வைத்து, சொல் சொல்லாக, ஒரு மடிப்பு, அடுத்த மடிப்பு என்று போனேன். திக்கிய இடத்தில் பேசாமல் காத்திருந்தார்கள். ஒரு நீளமான சொல்லில் நான் நின்றபோது முன்வரிசைப் பெரியவர் தானாகவே ஒன்றைச் சொல்லிப் பார்த்தார். அது தப்பு. "இல்ல, அது இல்ல" என்றேன் மைக்கில், கொஞ்சமும் யோசிக்காமல். அடுத்த தாளின் நடுவில் யுத்தம் முடிந்தது. அதற்குக் கீழே, சேச்சி வாசித்த அதே கோட்டைக் கதவு தமிழில் திறந்தது. ரயில்நிலையத்தில் மாலைகள்.

புத்தகத்தை மூடினேன். "வெளிய வந்துட்டாங்க" என்றேன். அது புத்தகத்தில் இல்லை.

"ஹாவூ!" என்று ஒரு பெரிய மூச்சு விட்டது ஹால். நாய் போய்விட்டிருந்தது.

நான் இறங்கி வந்தபோது சலூன்காரர் செக்ரட்டரியிடம் தன் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். "உங்களுடையது சூப்பர் ஃபாஸ்ட்," என்றார் செக்ரட்டரி. "கடைசி ஸ்டாப்பில் ஏறினா மதி." அப்படியே, எல்லாரும் வாசித்து முடித்த பிறகு அவர் ஏறி இந்தியில் கொடியேற்றினார். நன்றாகவே வாசித்தார். பாயசம் ஆறித்தான் போயிருந்தது. மனைவி எனக்கு ஊற்றும்போது, "பட்டன் போடாமலே வாசிச்சிட்டீங்க" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பது எங்கள் வீட்டில் பெரிய விஷயம்.

ஆனால் ஒரு வேலை பாக்கி நின்றது. மலையாளத்திலும் இந்தியிலும் அன்றைக்கே சுதந்திரம் வந்துவிட்டது. தமிழில் தலைவர்கள் ஜெயிலை விட்டு வெளியே வந்ததோடு நிற்கிறது. நான் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தண்ணீர் பாட்டில் மேல் பழையபடி சாய்த்து வைத்துக்கொண்டேன். இப்போது மனப்பாடத்துக்காக இல்லை, அடுத்தது என்ன என்று தெரிந்துகொள்ள. மடிப்புக்கு ஒரு வரி. துணி வாங்க வருகிறவர்களுக்கும் அது பழகிவிட்டது. "எத்தியோ அண்ணாச்சி?" என்பார்கள், வந்து சேர்ந்தாயா என்று. "இனி கொஞ்சம் உண்டு" என்பேன். என் வேகத்தில் அது சில வாரம் ஓடியது. ஒருநாள் நர்ஸ் சேச்சி சேலையை வாங்கிக்கொண்டு போகாமல், நின்று அரைப்பக்கம் கேட்டுவிட்டுப் போனார்.

ஒரு மதியம், சாரலுக்குப் பிறகு வெயில் அடித்த நேரம், கடைசிப் பக்கம் வந்தது. சலூன்காரரின் புத்தகத்தில் பார்த்த அதே படம், அதே கோட்டை, அதே கொடி. பெட்டியை ஓரமாக நிமிர்த்தி வைத்துவிட்டு, கடைசி வரியைச் சத்தமாகவே வாசித்தேன். கேட்க யாரும் இல்லை. எதிரே வாசகசாலை ஜன்னலில் செக்ரட்டரி பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். நான் புத்தகத்தை மூடி, உயர்த்திக் காட்டினேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். புரிந்தது. எழுந்து ஹாலுக்கு நடுவே போனார். பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து அவரையும், ஜன்னல் வழியே என்னையும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றேன்.

அவர் கயிற்றை இழுத்தார். ஒற்றை மணி.